கல்லும் ஓலையும்: மறவாத படிகங்களின் வரலாறு

ஓலைச்சுவடி படியெடுக்கப்பட்டு வாழ்ந்தது. கல்வெட்டு கிடந்த இடத்திலேயே வாழ்ந்தது. தமிழின் எழுத்து வரலாற்றில் பாதியை இந்த ஒரு வேறுபாட்டைக் கொண்டே சொல்லிவிடலாம். ஓலையில் எழுத எழுத்தாணி ஒன்று போதும். ஆனால் கரையானும் ஈரமும் அதை விடுவதில்லை. சில தலைமுறைகளுக்கு ஒருமுறை யாரேனும் ஒருவர் உட்கார்ந்து பழைய பாடத்தைப் புதிய ஓலையில் எழுதியாக வேண்டும். எழுதுவார் இல்லாமல் போன தலைமுறையோடு நூலும் போயிற்று. கல்லில் எழுத உளியும் கல்தச்சனும் பல நாள் உழைப்பும் வேண்டும். எழுதி முடித்த பின் பேணுவார் வேண்டியதில்லை. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த கோயிலின் கல்வெட்டு, செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி அக்கோயில் அமைக்கப்பட்டதைச் சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டின் அச்செய்தி அங்கேயே இருக்கிறது. திருக்கோவலூர் அருகே ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டில் அதியன் நெடுமான் அஞ்சியின் பெயர் இருந்தது. சங்கப் பாடல்கள் எண்ணற்ற கைகள் மாறி, எண்ணற்ற முறை படியெடுக்கப்பட்டு நம்மிடம் சேர்த்த அதே பெயரைக் கல் தன் போக்கில் காத்து வைத்திருந்தது.

எளிதில் எழுதப்படுவது எளிதில் அழிகிறது. அழியாமல் நிற்பது எழுதக் கடினமாக இருக்கிறது. இது எழுதுவோரின் சோம்பலோ திறமையோ பற்றிய செய்தியன்று, பொருள்களின் இயல்பு. கணினியின் நினைவைப் பற்றிய நூறாண்டு வரலாறும் இந்த இயல்போடு மனிதர் நடத்திய பேரம்தான். அந்தப் பேரத்தின் அண்மை அத்தியாயம், நம் கைபேசிகளில் வேறொரு வேலைக்காக ஏற்கெனவே குடியிருந்த நைட்ரைடு என்னும் சேர்மத்தில் 2019இல் தொடங்கியது.

கணினிக்குள் ஓலை

சுவடியியல் வகுப்பொன்றில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, காணைப் பக்கத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் கேட்டார்: "ஐயா, போனை அணைச்சிட்டா அதுல இருக்கிற படமெல்லாம் எங்க இருக்கும்? அது ஓலையா, கல்லா?" தமிழ் இலக்கியம் கற்பிக்கும் நான் இயற்பியல் நூல்களைப் புரட்ட நேர்ந்தது இந்தக் கேள்வியால்தான்.

விடை இரண்டு பகுதிகளாக வரும். கணினியோ கைபேசியோ வேலை செய்துகொண்டிருக்கும்போது பயன்படுத்தும் நினைவகம் ஓலை. அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் 1966இல் எண்ணி வடித்த அமைப்பு அது. ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு நுண்ணிய மின்தேக்கி. அதில் மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழி. அந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். எனவே சில்லு தன் நினைவு முழுவதையும் 64 மில்லி நொடிக்குள் ஒருமுறை படித்து, படித்ததையே திரும்ப எழுதுகிறது. நொடிக்குப் பதினைந்து முறைக்குக் குறையாத படியெடுப்பு! மின்சாரம் நின்றால் படியெடுப்போர் எழுந்து போய்விடுகிறார்கள், நூல் அழிந்துவிடுகிறது.

படங்கள் இருப்பது வேறொன்றில். 1980களில் ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோக்கா உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகம் அது. எல்லாப் பக்கமும் காப்புச் சுவர் எழுப்பிய அறைக்குள் எலக்ட்ரான்களைப் பதினைந்து இருபது வோல்ட் அழுத்தத்தில் உள்ளே தள்ளிச் சிறைவைப்பது அதன் முறை. மின்சாரம் நின்றாலும் சிறை திறக்காது. ஆனால் ஒவ்வொரு முறை தள்ளும்போதும் சுவர் சற்றே சிதைகிறது. எழுதும் வேகம் குறைவு. சில ஆயிரம் முதல் லட்சம் முறை எழுதியதும் அறை ஓட்டையாகிவிடும். இது கல்தான்; எனினும் உளிபட்டுத் தேயும் கல்.

இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழியொன்று உண்டு. மின்னூட்டத்தைச் சிறைவைக்காமல், பொருளின் அணுக்களையே ஒரு பக்கமாகச் சாய்த்து வைப்பது. சாய்ந்த அணுக்கள் அந்த இடத்திலேயே நிலைகொண்டுவிடும். மறுபக்கம் சாய்க்க எதிர்த் திசையில் மின்புலம் தர வேண்டும். இந்த இயல்புடைய படிகங்களுக்கு ஃபெரோ மின்பொருள்கள் என்று பெயர். ஃபெரோ என்பது இரும்பைக் குறிக்கும் சொல். இவற்றில் பெரும்பாலானவற்றில் இரும்பே கிடையாது. இரும்பு காந்தத் திசையை நினைவில் வைப்பதுபோல இவை மின்திசையை நினைவில் வைக்கின்றன என்ற ஒப்புமையால் வந்த பெயர்.

மருந்துக் கடையிலிருந்து

இந்த இயல்பு முதன்முதலில் தென்பட்டது ஒரு பேதி மருந்தில். பிரான்சின் லா ரோஷெல் நகரத்து மருந்தாளுநர் குடும்பமான செஞ்ஞெத் குடும்பத்தார், பதினேழாம் நூற்றாண்டில் திராட்சை மதுப் பீப்பாய்களின் அடியில் படியும் உப்பிலிருந்து அதைச் செய்து விற்றனர். ரோஷெல் உப்பு என்ற பெயர் ஊரால் வந்தது. அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் படிகங்களுள் இதுவும் ஒன்று என்பதை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டனர். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஜோசப் வாலசெக், இந்த உப்பின் மின்திசை புலத்துக்கேற்பத் திரும்புவதையும், புலத்தை நீக்கிய பின்னும் திரும்பிய நிலையிலேயே நிற்பதையும் 1920இல் அறிவித்தார். நினைவுக்கு உரிய இரண்டு குணங்களும், அதாவது மாற்றத்தகுந்ததாக இருத்தலும் மாற்றியபடியே நிற்றலும், அங்கே இருந்தன.

ஆயினும் ரோஷெல் உப்பு நீரில் கரையும். அதன் நினைவு சுழிக்குக் கீழ் 18 பாகைக்கும் 24 பாகை செல்சியசுக்கும் இடையில் மட்டுமே இருக்கும். விழுப்புரத்து வெயிலில் ஆண்டின் பெரும்பகுதியில் அது எதையும் நினைவில் வைத்திராது!

அடுத்த பொருளைத் தேடித் தந்தது போர். வானொலிக் கருவிகளின் மின்தேக்கிகளுக்கு அன்று மைக்கா இன்றியமையாதது. அதன் பெரும் வழங்குநர் இந்தியா. அன்றைய பீகாரின் கோடர்மாவும், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்துக் கூடூரும் மைக்காவால் பெயர் பெற்றவை. இரண்டாம் உலகப் போரில் மைக்கா போதாமல் போனபோது மாற்றுப் பொருள்கள் தேடப்பட்டன. பேரியம் டைட்டனேட் என்ற பீங்கான் அமெரிக்காவிலும் சோவியத் நாட்டிலும் ஜப்பானிலும் தனித்தனியே, ஒருவர் செய்வதை மற்றவர் அறியாமல், அந்த ஆண்டுகளில் கண்டறியப்பட்டது. உறுதியான பொருள், நீரில் கரையாது, அறை வெப்பநிலையைத் தாண்டியும் நினைவு தங்கும்.

வளையம் வென்றது

1952இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டட்லி பக் என்ற மாணவர், ஃபெரோ மின்பொருள்களைக் கொண்டு கணினி நினைவகம் அமைப்பது பற்றித் தம் முதுநிலைப் பட்ட ஆய்வேட்டை எழுதினார். பிற்காலத்தில் நடந்தவற்றின் வித்து அதிலே இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்துப் படிகங்கள் தடித்தவை. திருப்ப உயர்ந்த மின்னழுத்தம் தேவைப்பட்டது. பக்கத்து அறையில் எழுதும்போது தன் அறையில் உள்ளதும் சிறிது சிறிதாக அழிந்தது. பலமுறை எழுதினால் படிகம் களைத்துப்போயிற்று.

அதே நிறுவனத்தில் அதே ஆண்டுகளில் உருவான காந்த வளைய நினைவகம் இந்தக் குறைகள் இல்லாமல் வந்து வென்றது. ஃபெரைட்டினால் ஆன சிறு வளையங்களைக் கம்பியில் கோத்து, வலமாகவோ இடமாகவோ காந்தப்படுத்தி வைக்கும் முறை அது. மின்சாரம் நின்றாலும் அழியாது. இந்தியாவின் முதல் உள்நாட்டுக் கணினிகளுள் ஒன்றான டிஃப்ராக்கின் நினைவும் இதுவே. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் அதை வடிவமைத்த குழுவுக்குத் தலைமை வகித்தவர், சென்னையில் பிறந்து கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்ற ரங்கசாமி நரசிம்மன். 1960இல் இயங்கத் தொடங்கி, 1962இல் நேருவால் பெயர் சூட்டப்பட்ட அக்கணினியின் நினைவு 2048 சொற்கள். ஒவ்வொரு சொல்லும் 40 பிட். பிட்டுக்கு ஒரு வளையம் என்று கணக்கிட்டால் எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட வளையங்கள். இன்று ஒரு கைபேசிப் படத்தின் சிறு மூலைக்குக்கூடப் போதாத அந்த நினைவு, ஒருவகையில் இன்றைய கணினியின் வேலை நினைவகத்தைவிட மேலானது. அது மறப்பதில்லை.

1970க்குப் பின் டென்னார்டின் ஓலை நினைவகம் மலிவாலும் சிறுமையாலும் வளையத்தை வீழ்த்தியது. அழியாமை என்னும் குணத்தைக் கணினி உலகம் அறிந்தே விட்டுக்கொடுத்தது.

களைப்பு எங்கே இருந்தது?

பக் எழுதிய கனவை மீண்டும் எடுத்தது, அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் 1984இல் தொடங்கிய ராம்ட்ரான் என்ற சிறு நிறுவனம். படிகத்துக்குப் பதிலாக அதன் மென்படலம். ஈயம், சிர்க்கோனியம், டைட்டேனியம் மூன்றும் ஆக்சிஜனோடு சேர்ந்த பி.இசட்.டி. என்ற பொருள். படலம் மெலிந்தால் மின்னழுத்தமும் குறையும் அல்லவா? 1990களின் முற்பாதியில் சில்லுகள் விற்பனைக்கு வந்தன.

ஆயினும் பழைய பிணி தொடர்ந்தது. பிளாட்டினத் தகடுகளுக்கு நடுவே வைக்கப்பட்ட பி.இசட்.டி. படலம், பத்து லட்சம் முதல் பத்துக் கோடி முறை திருப்பப்பட்டதும் சோர்ந்துபோயிற்று. கணினியின் கணக்கில் இது மிகக் குறைவு. பலரும் படலத்தின் உள்ளே குறையைத் தேடினர்.

நியூஜெர்சியில் இருந்த பெல்கோர் ஆய்வகத்தில் 1989இல் சேர்ந்த ராமமூர்த்தி ரமேஷ் வேறிடத்தில் தேடினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1980இல் வேதியியல் பட்டமும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1983இல் உலோகவியல் பட்டமும், பெர்க்லியில் 1987இல் முனைவர் பட்டமும் பெற்றவர் அவர். அவரும் அவருடைய குழுவினரும் பிளாட்டின மின்வாய்களை எடுத்துவிட்டு, மின்சாரம் கடத்தும் ஆக்சைடுகளை அங்கே வைத்தனர். முதலில் வைத்தது, அக்காலத்தில் உலகமே பேசிக்கொண்டிருந்த மீக்கடத்திப் பீங்கான். பிறகு லாந்தனம், ஸ்ட்ரான்சியம், கோபால்ட் கலந்த ஆக்சைடு. களைப்பு அகன்றது, லட்சம் கோடி முறை திருப்பியும் படலம் தளரவில்லை.

காரணத்தைப் பின்வருமாறு விளக்குவர். ஒவ்வொரு திருப்பத்திலும் ஆக்சிஜன் விட்டுச்சென்ற வெற்றிடங்கள் நகர்ந்து, படலமும் மின்வாயும் சேரும் எல்லையில் குவிகின்றன. உலோகத்தால் அவற்றை நிரப்ப முடியாது. மின்வாயே ஆக்சைடாக இருந்தால் ஆக்சிஜன் தந்து அவ்வெற்றிடங்களைத் தணிக்கும். நினைவு கெட்டது நினைவுப் பொருளில் அன்று. அது அயலானோடு சேரும் விளிம்பில். நாற்பதாண்டுக் காலம் படிகத்தின் மேல் சுமத்தப்பட்ட பழி, உண்மையில் அதன் எல்லைக்கு உரியதாக இருந்தது.

இன்னொரு குழு எதிர்த் திசையில் சென்றது. கார்லோஸ் பாஸ் த அரவுஜோவும் உடன் ஆய்ந்தோரும் பிளாட்டினத்தை அப்படியே வைத்துக்கொண்டு படலத்தை மாற்றினர். பிஸ்மத் அடுக்குகள் கொண்ட சேர்மத்தில் களைப்பில்லை என்று 1995இல் 'நேச்சர்' இதழில் எழுதினர். இந்தப் பிஸ்மத் சேர்மக் குடும்பம் முப்பதாண்டுகளுக்கு முன்பே அறியப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் அதை விரிவாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் ஈ. சி. சுப்பாராவ், பின்னர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் உலோகவியல் துறையை வளர்த்தவர். தேவைப்பட்டபோது பொருள் ஏற்கெனவே நூலகத்தில் இருந்தது. இது இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் நடக்கும்.

இந்த நினைவகங்கள் உலகின் பல பகுதிகளில் மின் அளவிகளிலும் மருத்துவக் கருவிகளிலும் இடம்பெற்றன. மின்சாரம் அறுபடும் கணத்தில் கடைசி எண்ணை எழுதிவைக்க வேண்டிய கருவிகள் அவை. காணையில் ஒரு நாளில் பத்து முறை மின்வெட்டு வந்தாலும் வீட்டு முகப்பில் உள்ள அளவி முன்பு எரிந்த யூனிட்டுகளை மறந்துவிடக் கூடாது. எந்த அளவியாயினும் அதற்கு ஏதேனும் ஒரு வகை அழியா நினைவு வேண்டும். வேகமாக எழுதும் அழியா நினைவு இருந்தால் இன்னும் நல்லது. 2011இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் இந்த நினைவகம் பொதிந்த நுண்கட்டுப்படுத்திகளை வெளியிட்டது. ராம்ட்ரானை 2012இல் சைப்ரஸ் வாங்கியது. சைப்ரசை 2020இல் இன்ஃபினியான் வாங்கியது.

ஆனால் பி.இசட்.டி. ஓரளவுக்கு மேல் சிறுக்கவில்லை. அதில் ஈயம் உண்டு. சில்லுத் தொழிற்கூடங்கள் ஈயத்தை உள்ளே விட அஞ்சும். படிகமாக உருப்பெற 600 பாகை அளவில் சூடு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு தடை: மென்மையாகத் திரும்பும் படலத்தைத் தொழிற்கூடத்தில் மேலும் மெலிதாக்கினால், அதன் இரு முகங்களிலும் சேரும் மின்னூட்டமே அதைத் தன் நிலையிலிருந்து கலைக்கப் பார்க்கும். எளிதில் எழுதப்படுவது எளிதில் அழியும் என்ற பழைய விதி, நானோமீட்டரிலும் தப்பாமல் வந்து நின்றது.

வீட்டிலேயே இருந்த விருந்தாளிகள்

2011இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்து ஒரு செய்தி வந்தது. டிம் பொஸ்கேயும் குழுவினரும், சிறிது சிலிக்கான் கலந்த ஹாஃப்னியம் ஆக்சைடு பத்து நானோமீட்டர் தடிமனில் ஃபெரோ மின்பொருளாக நடந்துகொள்வதை வெளியிட்டனர். அந்த ஆய்வு கருக்கொண்ட குவிமாண்டா என்ற நினைவகத் தொழிற்சாலை 2009இலேயே நொடித்துப்போயிருந்தது. வியப்புக்குரியது என்னவென்றால், ஹாஃப்னியம் ஆக்சைடு 2007 முதலே இன்டெல் சில்லுகளின் டிரான்சிஸ்டர்களில் வெறும் காப்புப் பொருளாக இருந்துவந்தது. கோடிக்கணக்கான கணினிகளுக்குள் அது இருந்தது. அதற்கு நினைவு உண்டென்று யாரும் கேட்கவில்லை.

நைட்ரைடின் கதை இதனினும் விந்தையானது. அலுமினியம் நைட்ரைடு, அலுமினியமும் நைட்ரஜனும் ஒன்றுக்கொன்றாகச் சேர்ந்த எளிய சேர்மம். அதன் மென்படலம் மின்சாரம் பட்டால் அதிரும். கைபேசியில் நூற்றுக்கணக்கான வானொலி அலைகளுக்கிடையே தனக்குரிய அலையை மட்டும் பிரித்தெடுக்கும் வடிகட்டிகளில் 2000களின் தொடக்கம் முதல் அது பணியாற்றி வருகிறது. அதன் அணுக்கள் இயல்பாகவே ஒரு பக்கமாகச் சாய்ந்தவை என்பதும் பாடநூல் செய்திதான். ஒவ்வோர் அலுமினிய அணுவும் நான்கு நைட்ரஜன் அணுக்களின் நடுவே, மூன்று நைட்ரஜன்கள் அமைக்கும் தளத்துக்கு ஒரு பக்கமாகச் சற்று விலகி நிற்கிறது. அதை மறுபக்கம் கொண்டுசெல்ல அத்தளத்தை ஊடுருவ வேண்டும். அதற்கு வேண்டிய மின்புலம் மிகப் பெரிது. அத்தனை புலம் தந்தால் திரும்புவதற்கு முன் படலமே மின்தாக்கத்தில் பொசுங்கிவிடும் என்று கருதப்பட்டது. சாய்ந்த அணு, ஆனால் திரும்பாத அணு. எழுத முடியாத கல் என்று அதை ஒதுக்கிவைத்தனர்.

மாற்றம் வேறொரு வாசல் வழியே வந்தது. ஜப்பானில் மொரிட்டோ அகியாமாவும் குழுவினரும் இப்படலத்தில் ஸ்காண்டியம் கலந்தால் அது மேலும் வலுவாக அதிரும் என்று 2009இல் காட்டினர்; ஏறத்தாழ ஐந்து மடங்கு. ஸ்காண்டியம், மெண்டலீவ் 1871இல் தம் அட்டவணையின் வெற்றிடத்தைக் கொண்டு முன்னுரைத்து, 1879இல் நில்சன் கண்டெடுத்த தனிமம். அது தன்னைச் சுற்றி நான்கு அயலாரோடு நிறைவடையாது. மேலும் சிலரை அருகில் இழுக்கும். இதனால் படிகம் சற்றுத் தட்டையாகிறது. அணு கடக்க வேண்டிய தடை தாழ்கிறது. வடிகட்டி செய்வோர் இதை அதிர்வுக்காக மட்டுமே பயன்படுத்தினர்.

கீல் பல்கலைக்கழகத்தின் சைமன் ஃபிக்ட்னரும் குழுவினரும் 2019இல் அடுத்த கேள்வியைக் கேட்டனர்: தடை இவ்வளவு தாழ்ந்தால், பொசுங்கும் முன்னரே அணு திரும்பிவிடாதா? ஸ்காண்டியம் 27 விழுக்காடும் அதற்கு மேலும் கலந்த படலங்களில் அது திரும்பியது. புலத்தை எடுத்த பின் நின்ற மின்முனைவு சதுர சென்டிமீட்டருக்கு 80 முதல் 110 மைக்ரோகூலூம், பி.இசட்.டி. தருவதைப் போலப் பல மடங்கு. பின்னர் ஸ்காண்டியமே இல்லாத தூய அலுமினியம் நைட்ரைடிலும் திருப்பம் நிகழ்த்திக் காட்டப்பட்டது. எழுத முடியாது என்று கருதிய கல்லில் எழுத்தாணி ஏறிற்று. அந்தத் தீர்ப்பு கணக்கின் அளவில் நியாயமானது. ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க நெடுங்காலம் யாரும் முன்வரவில்லை என்பதே வரலாறு.

குறையே குணமானது

இனி இக்கட்டுரையின் மையத்துக்கு வருவோம். பி.இசட்.டி. படலத்தைத் திருப்ப ஒரு நானோமீட்டர் தடிமனுக்கு ஒரு வோல்ட்டில் நூறில் ஒரு பங்கோ அதற்குக் குறைவோ போதும். நைட்ரைடுக்கு ஐந்தில் ஒரு பங்கு முதல் பாதி வோல்ட் வரை வேண்டும். பார்த்தவுடன் இது குறையாகத் தோன்றும். நூறு நானோமீட்டர் படலத்துக்கு இருபது முதல் ஐம்பது வோல்ட்! எந்தச் சில்லு அதைத் தாங்கும்?

ஆனால் மின்னழுத்தம் என்பது புலத்தையும் தடிமனையும் பெருக்கி வருவது. கல் கடினமாக இருந்தால், அதை மெலிதாக்க வேண்டும். மென்மையான பி.இசட்.டி.யை ஐந்து நானோமீட்டருக்குக் கொண்டுவந்தால் அது தன் நினைவைத் தாங்கிக்கொள்வது அரிது. நைட்ரைடோ கடினமானது என்பதாலேயே அந்த மெலிவில் தளராமல் நிற்கிறது. ஐந்து நானோமீட்டருக்கும் குறைந்த படலம் ஒரு வோல்ட்டிலேயே திரும்புவதைக் கீல் குழுவினர் 2023இல் காட்டினர். ஐந்து நானோமீட்டர் என்பது சில பத்து அணுக்களின் அடுக்கு. கல்லின் உறுதியை விடாமல் ஓலையின் எளிமையை அடைய வழி, கல்லை மென்மையாக்குவதில் இல்லை, மெலிதாக்குவதில் இருந்தது. எழுதுவதற்குத் தடையாக இருந்த அதே கடினம், காப்பதற்குக் காவலாக மாறியது.

காவல் எவ்வளவு வலியது என்பதற்கு ஒரு சான்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தீப் ஜரிவாலா, ராய் ஓல்சன் ஆகியோரின் குழு, 45 நானோமீட்டர் அலுமினியம் ஸ்காண்டியம் நைட்ரைடு படலத்தைக் கொண்டு அமைத்த நினைவகம் 600 பாகை செல்சியசில் இயங்குவதை 2024இல் வெளியிட்டது. வெள்ளிக் கோளின் தரையே ஏறத்தாழ 460 பாகைதான். ரோஷெல் உப்பு 24 பாகையில் மறந்துபோன நினைவு, நூறாண்டில் இங்கே வந்து நிற்கிறது. நைட்ரைடில் ஈயமில்லை; 400 பாகைக்குள் படியவைக்கலாம் என்பதால் முடிந்த சில்லின் மேலேயே பூசலாம்; கைபேசி வடிகட்டிகளால் தொழிற்கூடங்களுக்கு ஏற்கெனவே பழக்கமான பொருள்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஸ்காண்டியம் விலை மிகுந்தது. அதனால் போரான் போன்றவற்றைக் கலந்து பார்க்கும் ஆய்வுகள் நடக்கின்றன. திருப்பும் புலமும் பொசுக்கும் புலமும் இன்னும் மிக அருகருகே நிற்கின்றன, மின்கசிவும் உண்டு. எழுதி அழிக்கும் எண்ணிக்கையில் இப்படலங்கள் பொதுவாகப் பழைய ஆக்சைடுகளின் லட்சம் கோடியை எட்டவில்லை. களைப்பு மீண்டும் வந்து வாசலில் நிற்கிறது. ரமேஷ் முன்பு செய்ததுபோல இம்முறையும் யாரேனும் படலத்தை விட்டு அதன் விளிம்பை உற்றுப் பார்க்க வேண்டியிருக்கலாம்.

இங்கே நம் கல்வெட்டுகளிடம் ஒரு பாடம் இருக்கிறது. கோயிலுக்கு விட்ட நிலத்தின் எல்லையையும், விளக்கெரிக்கத் தந்த ஆடுகளின் எண்ணிக்கையையும் கல்லில் வெட்டினார்கள். அன்றாடக் கணக்கு ஓலையிலேயே ஓடியது. எது ஒருமுறை எழுதப்பட்டுப் பலமுறை படிக்கப்படுமோ அது கல்லுக்குப் போயிற்று. இன்றைய செயற்கை நுண்ணறிவு அமைப்புகள் பயிற்சியால் பெற்ற கோடிக்கணக்கான எண்களை அரிதாக மாற்றி, ஓயாமல் படிக்கின்றன. அந்த எண்களை ஓலை நினைவகத்தில் வைத்து நொடிக்குப் பதினைந்து முறை படியெடுத்துக்கொண்டிருப்பதன் மின்செலவு சிறிதன்று. பழைய ஃபெரோ மின் நினைவகத்தில் படித்தாலே எழுத்து அழியும்; படித்தவுடன் திரும்ப எழுத வேண்டும். புதிய நைட்ரைடு டையோடு அமைப்பில் படலத்தின் மின்தடையை அளந்தே படித்துவிடலாம், எழுத்து குலையாது. அடிக்கடி அழித்தெழுதத் தாங்காத ஒரு பொருள், அடிக்கடி அழித்தெழுத வேண்டாத வேலைக்கு ஏற்றதாகலாம்.

அந்த மாணவரிடம் இவ்வளவையும் சொன்னபோது அவர் வியக்கவில்லை. "அப்ப கல்லுல வெட்டுறதுக்கு முன்னாடி, எது வெட்டத் தகுந்ததுன்னு யாராவது உக்காந்து முடிவு பண்ணணும் இல்லையா ஐயா?" என்றார். சோழர் காலத்து ஊர்ச்சபைகள் செய்த வேலை அது. இனி அதைச் சில்லு வடிவமைப்போரும் செய்ய வேண்டியிருக்கும்.